கிரானா அப்துல் கரீம் கான் சாகிப்

சென்னைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையில் சிங்கப்பெருமாள் கோயில் என்று ஒரு சிறிய ரயில் நிலையம் உண்டு. இராமநாதபுரம், திருச்சி, தஞ்சை ஜில்லாக்களிலிருந்து ரயிலேறிச் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் பிடித்து இம்மலைநாட்டுக்கு வந்த நம் பெரியோர் பலர் அந்த நிலையத்தைக் கடந்துதான் வந்திருப்பார்கள். அதிலே ஏறுவோரும் இறங்குவோரும் அக்காலத்தில் மிகச் சிலரே. வட இந்திய சங்கீத உலகில் தமக்கென ஒரு வழியை நிறுவிய மாபெரும் வித்துவான் ஒருவருடைய ஆவி அந்த நிலையத்தின் பிளாட்பாரத்திலே பிரிந்தது என்ற செய்தி நம்மவரில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவரே உஸ்தாத் அப்துல் கரீம் கான் சாகிப். அவர் பாடிய விதத்தைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். கற்ற விதத்தைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம். வியாபாரிகளாகிய நமக்கு அதில் கவனிக்கத்தக்கது நிறைய இருக்கிறது.

கடைக்கு வேலைக்கு வரும் பையனை முதலாளி முதல் நாளே பெட்டியடியில் உட்கார்த்துவதில்லை. கூட்டிப் பெருக்க வேண்டும், மூட்டை பிரிக்க வேண்டும், பொட்டலம் மடிக்க வேண்டும், பிறகு தராசு. இத்தனைக்கும் நடுவே, வாடிக்கைக்காரரிடம் முதலாளி பேசும் பேச்சு அவன் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குச் சிரித்த முகத்தோடே இல்லை என்று சொல்லலாம் என்பதை ஒருவரும் அவனுக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. பார்த்தும் கேட்டும் தானே அறிந்துகொள்கிறான். சங்கீத வித்தையும் இவ்வாறே வளர்ந்தது என்பதற்குக் கான் சாகிபின் வாழ்க்கை நல்ல சாட்சி.

அவர் பிறந்தது 1872-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் தேதி. ஊர், வட இந்தியாவில் அக்காலத்தில் முசாபர்நகர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த கிரானா. கைரானா என்றும் சொல்வார்கள். தகப்பனார் காலே கான். தகப்பனார், சிறிய தகப்பனார், மாமன், மைத்துனன் எல்லாருமே சங்கீதத்தில் பிழைப்பவர்கள். அவர்களில் பலர் சாரங்கி வாசிப்பவர்கள். சாரங்கி என்பது வில்லால் இழைத்து வாசிக்கும் நரம்புக் கருவி. பாடகர் ஒரு சுரத்தை எப்படி அசைக்கிறாரோ அப்படியே அதன் பின்னால் நிழல் போல் போக வேண்டியது சாரங்கிக்காரரின் கடமை. அக்காலத்தில் அந்தத் தொழிலுக்கு மதிப்புக் குறைவு. பாடுகிறவருக்கே ஆசனமும் பரிசும். ஆனால் இருபது பாடகர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசித்த சாரங்கிக்காரர் இருபது பேருடைய வித்தையையும் காதாலே கொள்முதல் செய்துவிடுகிறார் என்பதை மறந்துவிடக் கூடாது. அப்துல் கரீம் சிறுவயதில் சாரங்கி பழகினார். வீணையும் தபலாவும் பழகினார். வாய்ப்பாட்டுக்கு வந்தபோது குரலுக்கு முன்பே அவருடைய காது பழுத்திருந்தது. பிற்காலத்தில் அவர் குரலைக் கேட்டவர்கள் சாரங்கியின் இழைப்பு அதில் இருக்கிறது என்று சொன்னதற்குக் காரணம் இதுவே.

வடக்கே உஸ்தாதிடம் ஒருவன் சீடனாகச் சேரும்போது மணிக்கட்டில் ஒரு நூல் கட்டுவார்கள். கண்டா என்று அதற்குப் பெயர். வெல்லமும் கடலையும் வழங்குவார்கள். அன்று முதல் அவன் அந்த வீட்டுப் பிள்ளை. பாடம் என்னவென்றால், விடியுமுன் எழுந்து, தம்புராவை மீட்டி, கீழ் ஸ்தாயியில் ஒரே ஒரு சுரத்தை மூச்சு நிற்கும் மட்டும் பிடித்து நிற்பது. நாள்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில் இதுதான். பிறகு சுரங்களை ஏற்றியும் இறக்கியும் மடக்கியும் பாடும் வரிசைகள். இராகம் என்று ஒன்று கைக்கு வருவதற்கே ஆண்டுகள் ஆகும். எழுதிக்கொள்ள ஏடு கிடையாது. உஸ்தாத் பாடுவார், சீடன் திருப்பிப் பாட வேண்டும். தவறினால் மறுபடியும் முதலிலிருந்து. கிரானாக் குடும்பத்தார் இராகங்களின் எண்ணிக்கையைப் பெருக்குவதில் ஆசை கொள்ளாதவர்கள். ஒரே இராகத்தில், ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு அவசரமின்றிப் போவதே அவர்களுடைய பெருமை. கான் சாகிபின் உறவினர் அப்துல் வஹீத் கான் அவர்கள் காலையில் தோடி, இரவில் தர்பாரி என்று இரண்டையே பல்லாண்டுகள் பழகியதாகச் சங்கீத உலகில் சொல்லிக்கொள்வார்கள். ஒரே சரக்கை வைத்துக் கடை நடத்துகிறவனைப் போல என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அந்த ஒரு சரக்கில் அவரை மிஞ்ச ஆளில்லை.

வாலிபத்தில் அப்துல் கரீம் தம் சகோதரரோடு பரோடா சமஸ்தானத்துக்குப் போய் ஆஸ்தான வித்துவானானார். அங்கே அரச குடும்பத்தோடு தொடர்புடைய சர்தார் மாருதிராவ் மானே அவர்களின் புதல்வி தாராபாய் அவருக்கு மனைவியானார். பெரிய இடத்துப் பெண், வேறு மதம். இவரோ பாடிப் பிழைப்பவர். பரோடாவில் இதற்கு இடமிருக்குமா? இருவரும் ஊரை விட்டுப் புறப்பட்டார்கள். பம்பாயில் தங்கி, பிறகு மராட்டியத்தின் தென்கோடியில் இருக்கும் மீரஜ் என்னும் ஊரைக் கான் சாகிப் தம் ஊராக்கிக் கொண்டார். அங்குள்ள மீரா சாகிப் தர்காவின் மேல் அவருக்கு அளவிறந்த பற்று. தர்காவில் உட்கார்ந்து பாடுவதை அவர் கச்சேரியாகவே எண்ணியதில்லை.

மீரஜைப் பற்றி வியாபாரிகளுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. அங்கே முன்பு கத்தி, வாள் செய்து பிழைத்த சிகல்கர் என்னும் முஸ்லிம் தொழிலாளிகள், வாளுக்குக் கிராக்கி போன பிறகு, 19-ஆம் நூற்றாண்டிலே தம்புரா செய்யும் தொழிலுக்கு மாறினார்கள். பண்டரிபுரத்துப் பக்கம் விளையும் பெரிய சுரைக்காயில் குடம் அமைத்து அவர்கள் செய்யும் தம்புராவுக்கு இன்றும் நாடெங்கும் நல்ல பெயர். கான் சாகிபுக்கு வேண்டியதெல்லாம் வாசலிலேயே கிடைத்தது. சாதாரணமாகத் தம்புராவின் முதல் தந்தியைப் பஞ்சமத்தில் கூட்டுவார்கள். இவர் நிஷாதத்தில் கூட்டிக்கொண்டு பாடுவார். அந்தச் சுருதியில் உட்கார்ந்து பாடுவது கத்தி முனையில் நடப்பது போன்றது என்று அறிந்தவர்கள் சொல்கிறார்கள்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். தென்னாட்டில் மைசூர் சமஸ்தானம் சங்கீதத்தின் களஞ்சியமாக இருந்த காலம் அது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் மகாராஜா தென்னாட்டு வித்துவான்களோடு வடநாட்டு வித்துவான்களையும் வரவழைத்துக் கேட்பார். கான் சாகிப் அங்கே பல தடவை போய்ப் பாடிக் கௌரவிக்கப்பட்டார். அந்தச் சமயத்தில் அவர் வடக்கிலும் மராட்டியத்திலும் பெயர் பெற்றுவிட்டவர். சீடர்கள் சூழ இருந்தவர். அப்படிப்பட்டவர் பரிசை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியிருக்கலாம். அவரோ கர்நாடக சங்கீதக்காரர்கள் பாடுவதை உட்கார்ந்து கேட்டார். கேட்டதோடு நில்லாமல் கற்றுக்கொள்ளவும் ஆரம்பித்தார்.

இது எவ்வளவு கஷ்டமான காரியம் என்பதைச் சிறிது விளக்க வேண்டும். இரண்டும் ஏழு சுரங்களைக் கொண்டவைதாம். ஆனால் நடை வேறு. நம் தென்னாட்டுப் பையன் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்று படிப்படியாக ஏறிக் கீர்த்தனைக்கு வருகிறான். கீர்த்தனையின் உருவம் பெரும்பாலும் முன்னோர் அமைத்தது. அதைச் சிதையாமல் பாடி, அதற்கு முன்னும் பின்னும் இராகமும் சுரமும் தன் கற்பனையாகச் சேர்க்கிறான். வடநாட்டுக் கயால் பாட்டில் சாகித்தியம் இரண்டு மூன்று வரிகளே. மற்றதெல்லாம் பாடகன் அந்த நேரத்தில் கட்டுவது. சுரத்தை அசைக்கும் கமகமும் இரண்டில் ஒன்று போல் இல்லை. ஒன்றில் ஊறியவன் மற்றதைப் பாடப் புகுந்தால் நாக்கும் தொண்டையும் பழைய வழக்கத்துக்கே இழுக்கும். அரிசிக் கடையில் நாற்பது வருஷம் இருந்தவனை ஜவுளிக் கடையில் கஜக்கோலைக் கொடுத்து நிறுத்தியது போலத்தான்.

கான் சாகிப் அந்தச் சங்கடத்துக்கு அஞ்சவில்லை. தியாகராஜ சுவாமிகளின் கரகரப்பிரியா இராகக் கீர்த்தனையாகிய ராம நீ சமானமெவரு என்பதை அவர் இசைத்தட்டிலேயே பாடிக் கொடுத்திருக்கிறார். உச்சரிப்பு வடக்கத்தியது, தெலுங்கு அறிந்தவர்கள் கேட்டால் புன்னகை வரும். ஆனால் சுரங்களில் அவர் காட்டும் பக்தியைக் கேட்டால் அந்தப் புன்னகை போய்விடும். இதை விடப் பெரிய கொள்முதல் ஒன்று உண்டு. சரிகம என்று சுரங்களையே பெயர் சொல்லி, தாளத்தில் அடக்கிக் கற்பனையாகப் பாடுவது நம் தென்னாட்டுக் கச்சேரியின் உயிர்நிலை. வடநாட்டில் அது கச்சேரியில் பெரிய இடம் பெறாமல் இருந்தது. கான் சாகிப் அதைத் தம் பாட்டில் சேர்த்துக்கொண்டார். வடக்கே எல்லாரும் இதை மெச்சினார்கள் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அது கிரானாப் பாணியின் அங்கமாகவே நிலைத்துவிட்டது.

எமது அபிப்பிராயத்தில், அவருடைய வாழ்க்கையிலேயே உயர்ந்த பகுதி இதுதான். சிறுவனாக இருக்கும்போது கற்பதற்கு வேண்டியது அடக்கம் ஒன்றே. அடிக்குப் பயந்தாவது அடக்கம் வரும். ஊரெல்லாம் உஸ்தாத் என்று கைகட்டி நிற்கும் வயதில் இன்னொருவர் முன்னால் மாணாக்கனாக உட்காருவதற்கு வேண்டிய மனம் வேறு.

நிற்க, இதற்கு நேர் எதிர்த் திசையில் நடந்த ஒரு சங்கதியையும் சொல்லிவிடுகிறோம். தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் நாதஸ்வரம் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கோஷ்டியில் ஒரு சிறுவன் ஒத்து ஊதிக்கொண்டு, வேறொன்றும் செய்யாமல், ஒரே சுருதியை விடாமல் பிடித்திருப்பான். பார்ப்பவர்கள் அவனைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அந்தச் சுருதியைப் பிடித்தபடியே இரவு முழுவதும் பெரியவருடைய வாசிப்பைக் கேட்பதுதான் அவனுடைய பாடசாலை. ஷேக் சின்ன மௌலானா சாகிப் அவர்கள் 1924-இல் ஆந்திரத்தில் கரவதி என்னும் ஊரில் தலைமுறை தலைமுறையாக நாதஸ்வரம் வாசித்த முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனாரிடம் கற்று வாசிக்கத் தேர்ந்த பிறகு, தஞ்சாவூர்ப் பாணி வேண்டுமென்று நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் வந்து சிட்சை பெற்றார். பிறகு ஸ்ரீரங்கத்திலேயே குடியேறி, 1998-இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி பட்டமும் பெற்று, 1999-இல் காலமானார். கையிலிருந்த வித்தை போதுமென்று அவரும் இருந்துவிடவில்லை.

கான் சாகிபின் கதைக்குத் திரும்புவோம். 1913-ஆம் ஆண்டில் அவர் பூனாவில் ஆரிய சங்கீத வித்தியாலயம் என்று ஒரு பள்ளியை ஸ்தாபித்தார். முஸ்லிம் உஸ்தாத் ஒருவர் தம் பள்ளிக்கு இந்தப் பெயரை வைத்தார் என்பதே அவருடைய குணத்தைக் காட்டும். அக்காலத்து உஸ்தாதுகள் பலர் அருமையான உருப்படிகளை மகனுக்கும் மருமகனுக்கும் மட்டுமே கொடுப்பார்கள். வெளியார் வந்தால் மேல்சரக்கைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். குடும்பத்தின் சொத்து அதுதானே என்று அவர்களுக்காகப் பேசவும் இடமுண்டு. கான் சாகிப் மாணவர்களைத் தம்மோடே தங்கவைத்துக் கற்பித்தார். பணத்துக்கு என்ன செய்வது? டிக்கெட் வைத்துக் கச்சேரிகள் நடத்தினார்கள். அந்தக் கச்சேரிகளில் மாணவர்களும் மேடையேறினார்கள். இதனால் இரண்டு காரியம் ஆயிற்று: அடுப்பும் எரிந்தது, பையன்களுக்குச் சபைப் பயமும் தெளிந்தது.

சபையில் பாடக் கற்பது தனி வித்தை. வீட்டில் நன்றாகப் பாடுகிறவன் ஆயிரம் முகங்களைக் கண்டதும் குரல் அடைத்து நிற்பதைப் பார்க்கிறோம். இதற்கு வடநாட்டார் கண்ட உபாயம், சீடனைக் கச்சேரியில் உஸ்தாதின் பின்னால் தம்புராவோடு உட்காரவைப்பது. உஸ்தாத் மூச்சு வாங்கும் இடத்தில் சீடன் ஒரு வரியை எடுத்துக் கொடுப்பான். பிழையானால் உஸ்தாத் அடுத்த கணமே மூடிவிடுவார், சபைக்குத் தெரியாது. நஷ்டத்துக்கு முதலாளி பொறுப்பாக இருக்கும்போதே பையனுக்கு வியாபாரம் பழக்கிவிடுவதற்கு இது சமானம். தென்னாட்டுப் பின்பாட்டும் இதே வழிதான்.

சீடர்களில் முதல்வர் தார்வார்ப் பகுதியில் குந்த்கோல் என்னும் ஊரைச் சேர்ந்த ராம்பாவ். அவரைச் சேர்த்துக்கொள்ளும்போது கான் சாகிப் ஒரு நிபந்தனை விதித்தாராம்: எட்டு ஆண்டுகள் கூடவே இருந்து கற்க வேண்டும், இடையில் போகக் கூடாது. ராம்பாவுக்கோ வாலிபத்தில் குரல் உடைந்து கெட்டிப்பட்டுப் போயிருந்தது. இயற்கை கொடுக்க மறுத்ததை அப்பியாசத்தால் வாங்கினார். பிறகு அவர் மராட்டி நாடக மேடைக்குப் போனது கான் சாகிபுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்த மேடையே அவருக்குச் சவாய் கந்தர்வர் என்ற பெயரை வாங்கிக் கொடுத்தது. கான் சாகிபின் வித்தையை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் அவரே. உஸ்தாதின் கோபம் எப்போதும் சரியாக இருக்க வேண்டுமென்பதில்லை. ரோஷனாரா பேகமும் கான் சாகிபிடம் நெடுங்காலம் பயின்றவர். தேசப் பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானில் மிகுந்த கீர்த்தியோடு விளங்கி 1982-இல் காலமானார். ஒரு நாய்க்குக் கூடக் கான் சாகிப் சுரத்தில் குரல் கொடுக்கப் பழக்கியிருந்தார், அதன் பெயர் திப்பு மியான் என்று ஒரு கதை வழங்குகிறது. மனிதர்களுக்கே சுருதி சேராத இக்காலத்தில் அதை நம்புவதும் நம்பாததும் வாசகர்கள் விருப்பம்.

அந்நாளில் சாங்கிலியில் தேவல் என்ற ஓய்வுபெற்ற அதிகாரியும், கிளெமென்ட்ஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியும், நம் சங்கீதத்தின் 22 சுருதிகளைக் கணக்காக அளந்து நிறுவ முயன்றார்கள். அதற்கு அவர்கள் கான் சாகிபைப் பாடச் செய்து பரிசோதித்தார்கள். அந்த அளவுப்படி ஒரு ஆர்மோனியமும் செய்யப்பட்டது. 1916-இல் பரோடாவில் கூடிய அகில இந்திய சங்கீத மாநாட்டில் அதைப் பற்றிப் பலத்த வாதம் எழுந்தது. சங்கீதத்தை எழுத்தில் வைத்துப் பள்ளிக்கூடங்களில் பரப்ப வேண்டுமென்று பாத்கண்டே முயன்றதும் அக்காலத்திலேதான். எழுத்து இருந்தால் பத்துப் பேர் கற்பதை ஆயிரம் பேர் கற்கலாம். பழைய உருப்படிகள் அழியாமலும் இருக்கும். அதை மறுக்க முடியாது. ஆனால் கான் சாகிப் நிஷாதத்தில் கூட்டிய தம்புராவோடு சேர்ந்து நிற்கும் அந்தச் சுரத்தை எழுத்திலிருந்து எவரும் எடுத்துவிட முடியாது. அதற்குக் கேட்ட காது வேண்டும்.

குடும்ப வாழ்வு அவருக்குக் கடைசி வரை இனிமையாக இருக்கவில்லை. 1922-இல் தாராபாய் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தனியே போய்விட்டார். அதற்குப் பின் பிள்ளைகள் தாயின் குடும்பப் பெயரையும் ஊர்ப் பெயரையும் தாங்கினார்கள். அப்துல் ரஹ்மான் சுரேஷ்பாபு மானே ஆனார். மூத்த மகள் ஹீராபாய் பரோடேகர் என்று புகழ் பெற்றார். இளைய மகள் சரஸ்வதி ராணே. ஊருக்கெல்லாம் மனமுவந்து கற்பித்தவர் தம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பாக்கியத்தை இழந்தார். ஹீராபாய்க்குச் சகோதரர் சுரேஷ்பாபுவும், முன்னே சொன்ன அப்துல் வஹீத் கானுமே ஆசிரியர்களாக அமைந்தார்கள். வித்தை என்னவோ வீட்டை விட்டுப் போகவில்லை. பெண்கள் டிக்கெட் வைத்த பொதுக்கச்சேரியில் கௌரவமாக அமர்ந்து பாடும் வழக்கத்தை மராட்டியத்தில் ஏற்படுத்தியவர்களில் ஹீராபாய் முன்னணியில் நிற்பவர்.

கிராமபோன் கம்பெனிகள் கான் சாகிபைத் தேடி வந்தன. ஒரு இராகத்தை ஒரு மணி நேரம் விரித்துப் பாடுகிறவரை, ஏறக்குறைய மூன்று நிமிஷத்தில் முடிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? பல வித்துவான்கள் அவசரப்பட்டுத் தட்டைக் கெடுத்தார்கள். இவர் 1930-களில் ஓடியன் கம்பெனிக்குப் பாடிய பைரவி, ஜிஞ்ஜோட்டித் தட்டுகளில் அவசரமே இல்லை. அறுபது வயதைத் தாண்டியவர், மூன்று நிமிஷத்தில் பாடுவதையும் புதிதாகக் கற்றுக்கொண்டார் என்றே சொல்ல வேண்டும். அந்தத் தட்டுகளை இன்று ரிங்லெட் கடைத்தெருவில் நின்றபடியே கைபேசியில் கேட்கலாம். மழை சற்று விட்ட வேளையில் கேட்டுப் பாருங்கள்.

1937-இல் அவர் மறுபடி தெற்கே வந்தார். சென்னையில் பாடிவிட்டு, அரவிந்தர் ஆசிரமத்துக்குப் போவதற்காகப் பாண்டிச்சேரிக்கு ரயிலேறினார். வழியிலே நெஞ்சு வலி கண்டது. சிங்கப்பெருமாள் கோயில் நிலையத்தில் இறங்கினார்கள். பிளாட்பாரத்தில் படுக்கை விரிக்கப்பட்டது. தமக்கு நேரம் நெருங்கிவிட்டதை உணர்ந்த கான் சாகிப், தொழுகையை முடித்து, தர்பாரி இராகத்தில் இறைவனைத் துதித்துப் பாடியபடியே கண்மூடினார் என்று உடனிருந்த சீடர்கள் வழியாகச் செய்தி வந்திருக்கிறது. அன்று அக்டோபர் 27. அறுபத்தைந்தாம் வயது நிறைய இரண்டு வாரமே இருந்தது. ஜனாஸா மீரஜுக்குக் கொண்டுபோகப்பட்டு, அவர் நேசித்த தர்காவின் எல்லைக்குள்ளேயே அடக்கம் நடந்தது. ஆண்டுதோறும் அங்கே உருஸ் காலத்தில் வித்துவான்கள் கூடி, கூலி கருதாமல் பாடிவிட்டுப் போகிறார்கள்.

கதக் என்னும் ஊரிலே ஒரு பள்ளிக்கூடச் சிறுவன், கடையொன்றில் ஒலித்த கான் சாகிபின் ஜிஞ்ஜோட்டித் தட்டைக் கேட்டு நின்றுவிட்டான். அப்படிப் பாடக் கற்க வேண்டுமென்று பதினோராம் வயதில் வீட்டை விட்டே ஓடினான். டிக்கெட் இல்லாமல் ரயிலேறியும் ஊர் ஊராக அலைந்தும், கடைசியில் குந்த்கோலுக்கு வந்து சவாய் கந்தர்வரின் வீட்டில் சேர்ந்தான். குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தான். வீட்டு வேலை செய்தான். பாடம் பிறகுதான் வந்தது. ஹூப்ளியிலிருந்து கங்கூபாய் ஹாங்கல் என்ற இளம் பெண்ணும் ரயிலேறி அதே வீட்டுக்குப் பாடம் கேட்க வருவார். அந்தச் சிறுவன் பீம்சேன் ஜோஷி. 2008-இல் பாரத ரத்னா விருது அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 86. அந்தத் தட்டை அன்று சுழலவிட்ட கடைக்காரர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது.